சோலைமந்தியும் காப்பி இலைத் துருவும்: ஒன்று அருகியது, ஒன்று பெருகியது, ஏன்?

ஆனைமலைவாசி

ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஒப்பீட்டை இங்கே வைக்கிறேன். படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஒரு பக்கம் சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்றால் எல்லோருக்கும் தெரியும். கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. காட்டில் மிஞ்சியிருப்பவை 4,000க்கும் குறைவு, அதில் வளர்ந்தவை 2,500க்கும் குறைவு என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்டிருக்கிறது.

மறுபக்கம் காப்பி இலையில் துரு நோயை உண்டாக்கும் பூஞ்சை, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். காப்பி விளையும் நாடுகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் போய்விட்டது. 1970இல் பிரேசிலை எட்டியது. கடைசிவரை தப்பித்திருந்த ஹவாய்த் தீவுகளையும் 2020இல் பிடித்துவிட்டது.

இரண்டுமே காட்டில் பிறந்தவை. இரண்டுக்குமே வாழ ஒரே ஒரு வகையான இடம்தான் ஒத்துவரும். மந்திக்கு உச்சியில் கிளையோடு கிளை உரசும் மரங்கள் வேண்டும். பூஞ்சைக்கு உயிருள்ள காப்பி இலை வேண்டும், செத்த இலையிலோ மண்ணிலோ அது வளராது. நாம் என்ன செய்தோம்? சோலையை வெட்டி மலை மலையாக ஒரே பயிரை வைத்தோம். மந்தியின் வீடு துண்டு துண்டானது. பூஞ்சையின் வீடு கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீண்டது. ஒன்று அருகியதற்கும் மற்றது பெருகியதற்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் கட்சி.

கோவைக் குமரன்

அண்ணா, ஒன்று பாலூட்டி, இன்னொன்று கண்ணுக்கே தெரியாத பூஞ்சை. ஒன்றைக் காப்பாற்றப் பாடுபடுகிறோம், மற்றதை ஒழிக்க மருந்து அடிக்கிறோம். இரண்டையும் ஒப்பிட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? நோயை நோயாகப் பார்த்தால் போதாதா?

சேர்வராயன் தோட்டம்

ஏற்காட்டில் அராபிகா காப்பி வைத்திருக்கிறேன், அதனால் பூஞ்சையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாது என்று தம்பி சொல்வது சரியல்ல. நன்றாகவே தெரியும். இலையின் மேல்பக்கம் முதலில் வெளிர் மஞ்சளாக ஒரு புள்ளி விழும். அப்போதே இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்பக்கத்தில் அதே இடத்தில் காவி நிறப் பொடி அப்பியிருக்கும். விரலால் தடவினால் விரலோடு வரும். வேட்டியில் பட்டால் கறை போகாது. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதானதும் இலை உதிர்ந்துவிடும். செடி உடனே சாகாது, அதுதான் ஏமாற்று. இந்த வருடத்துப் பழம் எப்படியோ பழுத்துவிடும். இலை இல்லாத செடி அடுத்த வருடத்துக்கான கொப்பை விடாது. அடி விழுவது மறு வருடம்தான்.

நாங்கள் அடிப்பது போர்டோ கலவை. மயில் துத்தம் (செப்பு சல்பேட்) ஒரு பங்கு, நீற்றின சுண்ணாம்பு ஒரு பங்கு. தனித்தனியாகக் கரைத்து அப்புறம் சேர்க்க வேண்டும், இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்த பிறகு துருவில்லாத கத்தி ஒன்றைக் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துப் பார்ப்போம். கத்தியில் செம்பு படிந்து சிவந்திருந்தால் இன்னும் சுண்ணாம்பு போட வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகிவிடும். மழைக்கு முன்னால் ஒரு முறை, மழை ஓய்ந்ததும் ஒரு முறை. ஆள் கீழே குனிந்து இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். மேலே மட்டும் அடித்தால் காசுக்குப் பிடித்த கேடு.

வித்துத்தூள்

தாவர நோயியல் படிக்கிறேன். சேர்வராயன் ஐயா சொன்னதற்குக் காரணத்தையும் சேர்த்துவிடுகிறேன்.

அந்தக் காவிப் பொடி முழுக்க வித்துக்கள், அதாவது பூஞ்சை பரவுவதற்காக உதிர்க்கும் நுண்துகள்கள். நுண்ணோக்கியில் ஒவ்வொன்றும் ஆரஞ்சுச் சுளை போல இருக்கும், முதுகுப் பக்கம் முள், உள்பக்கம் வழவழப்பு. இலைமேல் நீர்த்துளி நின்றால்தான் முளைக்கும். முளைத்த இழை இலைத்துளையைத் தேடி உள்ளே போகும். காப்பி இலைக்குத் துளைகள் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன, அதனால்தான் அடிப்பக்கம் அடிக்கச் சொல்கிறார்கள். மூன்றிலிருந்து ஐந்து வாரத்தில் புதுப் பொடி வந்துவிடும். ஒரு புள்ளி சில மாதங்களில் 3 லட்சத்திலிருந்து 4 லட்சம் வித்துக்கள் வரை உதிர்க்கும். ஒரு இலையில் எத்தனை புள்ளி, ஒரு செடியில் எத்தனை இலை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

குமரனுக்கு ஒரு வார்த்தை. நோயாகப் பார்த்தால் போதாதா என்று கேட்டீர்கள். எத்தியோப்பியக் காடுகளில் அராபிகா காப்பி இன்றும் தானாக வளர்கிறது. அங்கேயும் இந்தத் துரு இருக்கிறது, ஆனால் காட்டை அழிப்பதில்லை. காப்பிச் செடிகள் வேறு மரங்களுக்கு நடுவே சிதறி நிற்கின்றன, ஒன்று போல் இன்னொன்று இல்லை. துருவையே தின்னும் வெள்ளைப் பூஞ்சை ஒன்றும் கூடவே இருக்கிறது. அந்த இடத்தில் அது நூற்றுக்கணக்கான உயிர்களில் ஒன்று, அவ்வளவுதான்.

ஆனைமலைவாசி

வித்துத்தூள் சொன்ன கணக்கோடு மந்தியின் கணக்கை வைத்துப் பாருங்கள். பெண் மந்தி முதல் குட்டி போட ஆறு வயது போல ஆகிவிடும். வயிற்றில் சுமப்பது ஏறக்குறைய ஆறு மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு இரண்டரை ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். ஊருக்குள் திரியும் நாட்டுக் குரங்கு இதைவிட எவ்வளவோ சீக்கிரம் பெருகும். ஒரு கூட்டத்தில் இரண்டு தாய்கள் சாலையில் அடிபட்டுச் செத்தால் அந்தக் குறையை ஈடுகட்ட வருடக்கணக்காகும்.

சாப்பாட்டு விஷயத்திலும் அப்படித்தான். ஆனைமலைப் பக்கம் அதற்கு முக்கியமான மரம் வெடிப்பலா. பூ கிளை நுனியில் வராது, முதிர்ந்த கிளைத் தண்டிலேயே கொத்துக் கொத்தாக அப்பிக்கொண்டு வரும். இதழே இல்லாத, மஞ்சளும் பழுப்பும் கலந்த சதைப்பற்றான பூ. பழம் முழுக்க முள். மந்தி முதலில் பூவைத் தின்னும், அப்புறம் காயை உடைத்து விதையைத் தின்னும். கிடைத்ததைக் கன்னப் பையில் அடைத்துக்கொண்டு வேறு கிளைக்குப் போய் உட்கார்ந்து சாவகாசமாக மெல்லும். இந்த மரம் வளர மழைக்காட்டு ஈரமும் நிழலும் வேண்டும். தேயிலைக் காட்டில் வெயிலில் நட்டால் வராது.

மடுல்சீமைப் பேத்தி

இலங்கை மலையகத்தில் இருந்து எழுதுகிறேன். இந்தத் துருவின் கதை எங்கள் ஊரில்தான் தொடங்கியது, அதனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

1869இல் மடுல்சீமைக் கோப்பித் தோட்டங்களில்தான் அது முதலில் பெரிதாகக் கண்ணில் பட்டது. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் இருந்த துவைட்ஸ் இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லியும் புரூமும் அதே ஆண்டு அதற்குப் பெயர் வைத்தார்கள். துரைமார் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது, விளைச்சல் குறையக் குறைய இன்னும் காட்டை வெட்டி இன்னும் கோப்பி நட்டார்கள். 1880இல் மார்ஷல் வார்டு என்ற இளம் ஆய்வாளர் வந்தார், வயது முப்பதுகூட இல்லை. கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வரும் வித்துக்கள் அதில் ஒட்டுவதைக் காட்டினார். காற்றுக்கு எந்தத் தடையும் இல்லாமல் மலை முழுக்க ஒரே பயிர் நிற்பதுதான் நோய்க்கு வசதி என்று அவருக்கு விளங்கியது. ஆனால் அவர் கையில் மருந்து இல்லை. போர்டோ கலவை பிரான்சில் தெரியவந்ததே 1885இல். அதற்குள் இலங்கைக் கோப்பி படுத்துவிட்டது.

அந்தக் கோப்பியை நட்டவர்கள், காட்டை வெட்டியவர்கள் யார்? எங்கள் ஆட்கள். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகள் திருச்சி, மதுரை, சேலம் பக்கமிருந்து கூட்டிவந்தவர்கள். மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தார்கள், வழியிலேயே காய்ச்சலில் போனவர்கள் ஏராளம். கோப்பி விழுந்ததும் சம்பளப் பாக்கியைக்கூட வாங்காமல் திரும்பிப்போனவர்கள் உண்டு. இழப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் தோட்ட முதலாளிகளின் கடனை எழுதுகிறார்கள். அந்தச் சனங்களின் கூலியையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் ஆதங்கம்.

கோவைக் குமரன்

அக்கா, இது எனக்குத் தெரியாத கதை, நன்றி. ஆனால் இதை வைத்து இன்னொரு விதமாகவும் வாதாடலாம் போலிருக்கிறதே. துரு வந்ததால் காப்பி போய்த் தேயிலை வந்தது. காப்பியாக இருந்தால் நிழல் மரம் இருக்கும், குரங்குக்கு மேலே வழி இருக்கும். தேயிலையில் எதுவும் இல்லை. அப்படியென்றால் மந்தியின் வீட்டைப் பறித்ததே இந்தப் பூஞ்சைதான் என்று சொல்லலாமா?

மடுல்சீமைப் பேத்தி

எங்கள் பக்கத்தைப் பொறுத்தவரை சொல்ல முடியாது தம்பி. 1830களிலிருந்தே மலைச்சரிவுகளை மொட்டையாக வெட்டி, எரித்து, அப்புறம்தான் கோப்பி நட்டார்கள். பெரும்பாலும் நிழல் மரமே வைக்கவில்லை. துரு வந்தபோது காடு ஏற்கெனவே போயிருந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867, துருவுக்கு இரண்டு வருடம் முன்னால். துரு செய்தது, நின்ற இடத்திலேயே பயிரை மாற்ற வைத்தது.

இங்கே சோலைமந்தி கிடையாது. ஆனால் நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கம் அடர்ந்த மயிரோடு ஊதாமுகக் குரங்கின் மலைநாட்டு வகை இருக்கிறது. அதற்கு மிஞ்சியதும் தேயிலைக்கு மேலே உச்சியில் நிற்கும் காட்டுத் துண்டுகள்தான்.

ஆனைமலைவாசி

குமரன் கேட்டது நல்ல கேள்வி. வால்பாறைக்கு அதில் பாதி பொருந்தும். இங்கே காடு பெருமளவில் வெட்டப்பட்டது 1890களிலிருந்து. அதற்குள் துரு தென்னிந்தியாவுக்கும் வந்துவிட்டது, இலங்கையில் நடந்தது துரைமார் எல்லோருக்கும் தெரியும். தேயிலைப் பக்கம் அவர்கள் சாய்ந்ததில் துருவுக்கும் பங்கு உண்டு. ஆனால் குடகில் அதே துரு இருந்தும் நிழல் மரங்களோடு காப்பி இன்றுவரை நிற்கிறது. துருவைத் தாங்கும் ரொபஸ்டா என்ற இன்னொரு காப்பி இனத்தைப் பல இடங்களில் வைத்தார்கள். மலையை மொத்தமாகத் தேயிலையாக்குவது என்பது மனிதர் எடுத்த முடிவு. அதைப் பூஞ்சையின் தலையில் கட்டினால் நாம் தப்பித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

நிழல் மரம் பற்றிக் குமரன் சொன்னதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டம். சுமார் 92 ஹெக்டேர் காடு, அடியில் காப்பி வைத்திருந்தார்கள். சுற்றிலும் தேயிலையும் குடியிருப்பும். 1990களில் சில பத்துகளாக இருந்த மந்திகள் இப்போது 150ஐத் தாண்டிவிட்டன. தொடர்ச்சியான காட்டில் இருபது மந்திகள் கொண்ட ஒரே கூட்டம் இதைவிடப் பெரிய பரப்பில் திரியும். இங்கே அவை காப்பிப் பழமும் தின்கின்றன, கொய்யாவும் பலாவும் வெளியூர் மரங்களின் பழமும் தின்கின்றன. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்கள், அதில் கடக்கின்றன. கிளை எட்டாத இடத்தில் தரையில் இறங்கி நடக்கின்றன.

ரொட்டிக்கடை செல்வி

150 என்று எழுதுகிறீர்கள், அது எங்கே வந்து சாப்பிடுகிறது என்பதையும் எழுதுங்கள் அண்ணா. எங்கள் லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், காலையில் கொழுந்து எடுக்கப் போனால் மாலைதான் வருவோம். தகரத்தை நெம்பி உள்ளே இறங்கி அரிசி டப்பாவைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுகிறது. முட்டை, பிஸ்கட், பிள்ளைக்கு வைத்த பால் பவுடர் எதையும் விடுவதில்லை. சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னால் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போங்கள் என்கிறார்கள். தகரம் எங்களுடையது இல்லை, மாற்றித் தரச் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதை அடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஓடும்போது பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் காப்பாற்றும் செலவை எங்கள் சமையல்கட்டே ஏன் கொடுக்க வேண்டும்?

ஆனைமலைவாசி

செல்வி, நீ சொல்வது முழுக்க நியாயம். வன உயிரினச் சட்டத்தில் முதல் அட்டவணையில் வைத்துப் பாதுகாக்கும் விலங்கு என்றால், அதோடு வாழும் வீடுகளின் கூரைக்கும் கதவுக்கும் பொறுப்பை யாராவது ஏற்க வேண்டும். குப்பையை மூடி வைப்பது, சுற்றுலா வருகிறவர்கள் தின்பண்டம் போடுவதை நிறுத்துவது, கூரையைச் சரிசெய்வது, மூன்றும் சேர்ந்து நடந்தால்தான் பலன். பாலம் கட்டியதைக் கொண்டாடுகிற அளவுக்குக் கூரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வித்துத்தூள்

செல்வி அக்கா சொன்னதிலிருந்து எனக்கு இந்த ஒப்பீட்டின் மிக முக்கியமான பகுதி கிடைத்தது.

இரண்டு உயிர்களும் மாறிய சூழலுக்குத் தங்களை மாற்றிக்கொள்கின்றன, ஆனால் வழி வேறு. பூஞ்சை தலைமுறை தலைமுறையாக மரபணுவை மாற்றிக்கொள்கிறது. துருவைத் தாங்கும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர்ப் பக்கம் கெண்ட் என்ற காப்பி ரகத்தைப் பரப்பினார்கள். சில ஆண்டுகளில் அதைத் தாக்கும் புது வகைத் துரு வந்தது. 1940களில் பாலேஹொன்னூர் காப்பி ஆய்வு நிலையம் எஸ்.795 என்ற ரகத்தைக் கொடுத்தது. சுவைக்கு இன்றும் பேர்போனது, ஆனால் அதன் எதிர்ப்புச் சக்தியும் காலப்போக்கில் தேய்ந்தது. திமோர் தீவில் அராபிகாவும் ரொபஸ்டாவும் தானாகக் கலந்து உண்டான செடியிலிருந்து கட்டிமோர் ரகங்களை உருவாக்கினார்கள். அதையும் சில இடங்களில் துரு உடைத்துவிட்டது. இதுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட துரு வகைகளைப் பிரித்தறிந்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தலைமுறை ஓடும் உயிரால் இது முடிகிறது.

மந்தியால் அது முடியாது. ஒரு தலைமுறைக்குப் பத்து ஆண்டு போல ஆகிற உயிர், நூறு ஆண்டில் வெட்டிய காட்டுக்கு ஏற்ப உடம்பை மாற்றிக்கொள்ள நேரமே இல்லை. அது செய்வது கற்றுக்கொள்வது. தரையில் நடக்கலாம், புதுப் பழம் தின்னலாம், தகரத்தை நெம்பலாம் என்று ஒன்று கற்கிறது, குட்டி பார்த்துப் பழகுகிறது. அந்தக் கற்றலே அதைச் சாலைக்கும் மின்கம்பிக்கும் அரிசி டப்பாவுக்கும் கொண்டுவந்து விடுகிறது. பூஞ்சையின் திறமை அதைப் பரப்புகிறது, மந்தியின் திறமை அதை ஆபத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது.

கோவைக் குமரன்

இந்த இடத்தில் எனக்கு ஒப்பீடு பிடிபட்டது. இன்னும் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். மந்தியைக் காக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவது அதன் முகத்தைப் பார்த்துத்தானே? பூஞ்சைகளில் அழியப்போவது எதுவும் இல்லையா?

வித்துத்தூள்

நிறைய இருக்கின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்த்து மதிப்பிட்ட பூஞ்சைகளின் எண்ணிக்கை 2025 மார்ச்சில்தான் 1,000ஐத் தாண்டியது. அவற்றில் 400க்கும் மேல் அழியும் ஆபத்தில் உள்ளவை. பாலூட்டிகளில் அநேகமாக எல்லாவற்றையும் மதிப்பிட்டாகிவிட்டது, பூஞ்சைகளில் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம். பழைய காட்டின் பட்டுப்போன மரத்தில் மட்டும் வாழ்கிறவை, ஒரே மரத்தின் வேரோடு சேர்ந்து வாழ்கிறவை எல்லாம் அந்தக் காட்டோடு போய்விடும். சோலைமந்திக்கு நேர்ந்தது அவற்றுக்கும் நேர்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை. காப்பித் துரு அந்தக் கூட்டத்தில் சேராது, அதன் பயிரை நாம்தான் உலகம் முழுக்கக் கொண்டுபோய் வைத்திருக்கிறோமே.

முகத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அதில் உண்மை உண்டு. 1970களில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டப் போனபோது மக்களை அசைத்தது மந்தியின் படம். அணைத் திட்டம் கைவிடப்பட்டு 1984இல் அது தேசியப் பூங்காவானது. அந்த முகத்தின் தயவில் அங்கே எத்தனை பெயர் தெரியாத பூஞ்சைகள் தப்பித்தன என்று யாரும் எண்ணவில்லை. அதனால் முகம் இருக்கும் உயிரை முன்னால் நிறுத்துவதில் எனக்கு வருத்தமே இல்லை.

சேர்வராயன் தோட்டம்

சரி, எனக்கு வேலைக்கு ஆகிற ஒன்றைக் கேட்கிறேன். என் தோட்டத்தில் சில்வர் ஓக்தான் அதிகம், மிளகு ஏற்ற வசதி என்று அப்பா காலத்தில் வைத்தது. ஒரே மரமாக நிற்பதும் நல்லதில்லை என்று இப்போது தோன்றுகிறது. வெடிப்பலா நாற்று கிடைத்தால் ஏற்காட்டில் வருமா? நிழல் கூடினால் துரு கூடுமா குறையுமா?

வித்துத்தூள்

ஐயா, நிழல் விஷயத்தில் இரண்டு பக்கமும் இழுக்கும். அடர் நிழலில் இலை காய நேரமாகும், அது துருவுக்குச் சாதகம். மறுபுறம், நிழலில் செடி அளவாகக் காய்க்கும். காய் பாரம் அதிகமான செடியைத்தான் துரு மோசமாகப் பிடிக்கும். பலவித மரங்கள் காற்றையும் தடுக்கும். ஆகவே நிழலை வெட்டித் தள்ளாமல், மழைக்கு முன்னால் கவாத்து செய்து வெளிச்சம் விழும்படி வைத்துக்கொள்வதே நல்லது.

ஆனைமலைவாசி

வெடிப்பலா ஏற்காட்டுக்கு வேண்டாம் ஐயா. அதற்கு எங்கள் ஊர் அளவு மழை வேண்டும், உங்கள் மலையில் பாதிகூட இராது. அங்கே சோலைமந்தியும் கிடையாது, நாட்டுக் குரங்குதான். உங்களுக்கு நாவல், பலா, அத்தி, சந்தன வேம்பு வரும். ஓக்கை ஒரேயடியாக எடுக்காதீர்கள், மிளகு போய்விடும். நான்கு ஓக்குக்கு நடுவில் ஒரு நாற்று என்று ஓடை ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள், அங்கேதான் ஈரம் நிற்கும். நாற்று தலை தூக்கிய பிறகு ஓக்கை ஒவ்வொன்றாகக் கழிக்கலாம். ஆடி மழைக்கு முன் குழி எடுத்துவிட்டால் இந்த வருடமே வைத்துவிடலாம்.